பண்ணாரி தாண்டி

பை லேசாக இருந்தது. சித்தோடு தாண்டுவதற்குள்ளேயே துளசிமணிக்கு அது தெரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, குதிகாலை ஊன்றி எழுந்தால் தொடையில் ஒரு பிடி பிடிக்கும், முட்டி ஒரு வார்த்தை முனகும், அப்புறம்தான் உடம்பு நிமிரும். அதுதான் இத்தனை நாள் வழக்கம். இன்றைக்குத் தொடை பேசாமல் இருந்தது, முட்டியும் வாயைத் திறக்கவில்லை, உடம்பு தன்பாட்டுக்கு எழுந்து நின்றுவிட்டது. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். துளசிமணி சந்தேகத்தோடு குனிந்து பையைப் பார்த்தாள். லேசாக இருக்கிறது என்கிற இந்த ஒரு விஷயத்தில் ஏற்கெனவே வசமாக ஏமாந்தவள் அவள். "கவுந்தப்பாடி" என்றார் சென்னியப்பன் கட்டிலில் படுத்தபடி. அது எண்ணிக்கை. மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள்; இந்த வீட்டில் ஊர்ப்பெயர்தான். ஈரோட்டிலிருந்து சத்தி வழியாகத் திம்பம் மலையேறுகிற பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்தவர் அவளுடைய வீட்டுக்காரர். பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்து, பேச்சும் போய், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மேலே வெறித்துக்கொண்டு கிடந்த நாட்களில், பேச்சு திரும்பினால் முதல் வார்த்தை தன் பெயராகத்தான் இருக்கும் என்று துளசிமணி பக்கத்திலேயே காத்திருந்தாள். வந்த முதல் வார்த்தை சித்தோடு. அதைத் தொடர்ந்து கவுந்தப்பாடி, கோபி, அரியப்பம்பாளையம், சத்தி, பண்ணாரி என்று ஒரு ஸ்டாப் பிசகாமல் வந்தது. பெண்டாட்டி பெயர் வெகுநாள் கழித்துத்தான் வந்தது. அந்தக் கோபம் அவளுக்குள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஆனாலும் அந்த வரிசைதான் இப்போது தினமும் காலையில் அவளை எழுப்பி எழுப்பி உட்கார வைக்கிறது.

மெதுவாக உட்கார வேண்டும். எழுவதைவிட உட்காருவதுதான் கஷ்டம். பொத்தென்று உட்கார்ந்தால் அது கணக்கில் சேராது. மூச்சை விட்டுக்கொண்டே, பின்பக்கம் நாற்காலியைத் தேடுவதுபோல, இன்னும் இன்னும் என்று இறங்க வேண்டும். பை லேசாக இருந்தால் இறங்குவதும் லேசாகத்தானே இருக்கும்? அதில் என்ன பெருமை? பைக்குள் திணித்த மணல் எங்கேயாவது ஒழுகுகிறதோ? வாணியின் பழைய ஸ்கூல் பை அது, அடித்தையல் ஏற்கெனவே ஒருமுறை விட்டுப்போய் இவள்தான் கோணி ஊசி போட்டுத் தைத்தாள். ஒழுகட்டும், ஒழுகாமல் போகட்டும், அதை அப்புறம் பார்க்கலாம், பாதியில் இறங்கிப் பார்த்தால் மனசு விட்டுப்போகும். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மகள் வாணி புருஷனோடு ஓசூரிலிருந்து கிளம்பிவிட்டாள், சங்ககிரி தாண்டினால் போன் பண்ணுகிறேன் என்றிருக்கிறாள். காரின் பின்சீட்டில் தலையணை எல்லாம் போட்டுக்கொண்டு வருகிறாள், அப்பாவை அப்படியே கோயமுத்தூருக்குக் கூட்டிப் போய் அந்தப் பராமரிப்பு இல்லத்தில் விட. "அம்மா, நீ கோவிச்சுக்காத. ஒருத்தியா எத்தன நாளைக்கு மல்லுக்கட்டுவ? அங்க ரெண்டு பேரு நின்னு தூக்குவாங்க, நர்ஸு இருக்கறாங்க. நீ வாராவாரம் போயிப் பாத்துட்டு வந்துக்கலாம்." பார்த்துவிட்டு வருவதற்கு அவர் என்ன மாரியம்மன் கோயிலா என்று இவள் கேட்டாள். அதற்கு வாணி போனில் சொன்னாள்: "சரி, நான் வாற அன்னிக்கி நீ ஒருத்தியாவே அப்பாவக் கட்டில்லருந்து சேர்ல உட்காத்திக் காட்டு. நான் வாயே தொறக்கல." வாணி கெட்டவள் இல்லை. பயந்தவள். தூக்கிவிட வந்துகொண்டிருந்த ஆள் வேறு வேலை கிடைத்துப் போனதிலிருந்து அவளுக்கு ராத்தூக்கம் இல்லை என்று மருமகன் சொன்னார். துளசிமணிக்கும் பயம்தான், ஆனால் அது வேறு பயம். அங்கே யாருக்குச் சித்தோடு தெரியும்? தண்ணீர் வேண்டுமென்றால் அவர் பவானி என்பார், வலிக்கிறதென்றால் திம்பம் என்பார், ஜன்னலைச் சாத்தச் சொல்ல மைசூர் என்பார். வார்த்தை சிக்கும்போதெல்லாம் கைக்குக் கிடைத்த ஸ்டாப்பை எடுத்து நீட்டுவார், இவள் அதை வாங்கி அர்த்தம் பண்ணிக்கொள்வாள். அங்கே இருக்கிறவர்கள் பிதற்றுகிறார் என்று ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட மாட்டார்களா? அவர் பேசாமலே போய்விடுவார்.

"கோபி." இது மூன்றாவது. இதுவும் லேசு. இடுப்பில் இருந்து ஒரு சூடு மேலே கிளம்பி முதுகு முழுக்கப் பரவியது, ஜாக்கெட் முதுகில் ஒட்டியது, ஆனால் சிரமம் என்று எதுவும் இல்லை. முதன்முதலில் வெறும் உடம்பை வைத்து எழுந்து உட்கார்ந்தபோது சித்தோட்டிலேயே வண்டி நின்றுபோனது ஞாபகம் வந்தது. தொடை நடுங்கிய நடுக்கத்தில் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள், சென்னியப்பன் வாய்கோணச் சிரித்தார். அவருக்குக் கைகால் பயிற்சி கொடுக்க வருகிற ஷமீமாதான் இந்த வம்பை ஆரம்பித்து வைத்தவள். சின்னப் பெண், வாணியைவிட நாலைந்து வயது குறைவாக இருப்பாள். "ஆன்ட்டி, நீங்க முதுகால தூக்கப் பாக்கறீங்க, அதான் முடியல. தொடையால தூக்கோணும். தொடைக்குப் பலம் வேணும்" என்றாள். சரியென்று இவள் தினமும் எழுந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நாளில் அது பழகிவிட்டது, கூடவே அலுத்தும்விட்டது. "அப்பிடித்தானுங்க ஆன்ட்டி. ஒரே மாதிரி பண்ணுனா ஒடம்பு போதும்னு நின்னுக்கும். கொஞ்சங் கொஞ்சமா கனத்தக் கூட்டிட்டே போகோணும்." "கனத்துக்கு நான் எங்க கண்ணு போவேன்? ஜிம்முல வெச்சிருப்பாங்களே இரும்பு, அதப் போயி வாங்கச் சொல்றயா?" "எதுக்குங்க? ஊட்டுல அரிசி இல்லீங்களா? பக்கெட் இல்லீங்களா?" அரிசியும் இருந்தது, பக்கெட்டும் இருந்தது. குழாயடியிலிருந்து சமையலறைக்கு அரைப் பக்கெட் தண்ணீரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தோள் சாயாமல் நடந்தாள். பிறகு முக்கால் பக்கெட். பிறகு ததும்பத் ததும்ப. வழியெல்லாம் சிந்தினால் திரும்ப ஆரம்பத்திலிருந்து என்று அவளே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள், வீடு கழுவின மாதிரியும் ஆயிற்று. சைக்கிள் கடையில் கிழிந்த டியூப் ஒன்று கேட்டு வாங்கி, ஜன்னல் கம்பியில் கட்டி, இரண்டு முனையையும் மார்புக்கு இழுத்தாள். இழுப்பு லேசானதும் டியூபை இரட்டையாக மடித்துக்கொண்டாள். கனம் கூட்ட ஒன்றும் அகப்படாத நாளில் உயரத்தைக் குறைத்தாள்: நாற்காலியை விட்டு முக்காலி, முக்காலியை விட்டுப் பலகை. ஒரு வீட்டுக்குள் இவ்வளவு பாரம் ஒளிந்திருக்கிறது என்று அவளுக்கு அதுவரை தெரியாது. தன் தொடைக்குள் இவ்வளவு இருக்கிறது என்றும் தெரியாது. குளிக்கும்போது அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள், கெட்டியாக இருக்கும், வெட்கமாகவும் இருக்கும்.

ஆனால் அந்த அரிசி. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் காது சிவக்கும். சிப்பத்தைப் பிரித்துப் பாதியை டின்னில் கொட்டினாள், மீதியை வாணியின் பையில் கொட்டி மூடினாள், அதைக் கட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். முதல் நாள் கவுந்தப்பாடி போய்ச் சேருவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. நாள் போகப் போகக் கோபி வந்தது, சத்தி வந்தது, பை இலவம்பஞ்சு மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. வாணிக்குப் போன் பண்ணி, "உங்கம்மா இப்ப பயில்வான் தெரியுமா" என்று பீற்றிக்கொண்டாள். ஷமீமாவிடம்கூடச் சொல்லவில்லை, நேராகத் தூக்கிக் காட்டி அசத்திவிடலாம் என்று ஒரு காலை நேரத்தில் நாற்காலியைக் கட்டிலோடு சேர்த்துப் போட்டு, அவர் இடுப்பில் துண்டைக் கட்டி, கட்டிப்பிடித்துத் தூக்கினாள். பாதிவரைக்கும் வந்தார். பாதிக்குமேல் வரவில்லை. அந்த நேரத்தில் அவர் உடம்பின் கனம் முழுக்க அவள் மேல் சாய்ந்தது, மாவு மூட்டை சரிகிற மாதிரி இரண்டு பேரும் கட்டில் ஓரமாகவே வழுக்கிக்கொண்டு தரையில் வந்து உட்கார்ந்தார்கள். அடி ஒன்றும் இல்லை. அவர் மடியில் இவள், இவள் புடவை முந்தி அவர் முகத்தில். முந்திக்குள்ளிருந்து சத்தம் வந்தது: "ஹோல்... டேன்." பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற சத்தம். அழுகிற நேரத்தில் இவளுக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. பக்கத்து வீட்டுக் குப்புராஜ் வந்து தூக்கும்வரை அப்படியேதான் கிடந்தார்கள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டனுங்களா அக்கா" என்று நல்ல மனசோடு சொன்னவன், அதே நல்ல மனசோடு வாணிக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டான். கோயமுத்தூர்ப் பேச்சு அன்றைக்குப் பிறந்ததுதான்.

"அரியப்பம்பாளையம்." இறங்கு, மெதுவாக, மெதுவாக. என்ன தப்பு என்று அன்றைக்கு அவளுக்குப் புரியவில்லை. இவ்வளவு பலம் வந்த பிறகு எப்படி முடியாமல் போகும்? தனக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான், என்று மத்தியானம் சோற்றுக்கு அரிசி எடுக்கப் போனாள். பையின் ஜிப்பைத் திறந்து டம்ளரை உள்ளே விட்டாள். டம்ளர் கரகரவென்று பையின் அடித்துணியைப் பிறாண்டியது. கையை உள்ளே விட்டுத் துழாவினாள். மூலையில் நாலு பிடி அரிசி இருந்தது. அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். டின் அரிசி தீர்ந்து எத்தனையோ நாளாயிற்று. அரிசி இருக்கும்போது இன்னொரு சிப்பத்தை எதற்குப் பிரிப்பது, பிரித்தால் வண்டு விழும் என்று, கை தன்பாட்டுக்குப் பையைத் திறந்து டம்ளர் டம்ளராக எடுத்து உலையில் போட்டிருக்கிறது. காலையில் அதே பையைக் கட்டிக்கொண்டு, ஆஹா எவ்வளவு லேசு என்று பூரித்திருக்கிறாள். பலம் வந்தது என்று நினைத்தாளே, பலம் வரவில்லை, சோறு போயிருந்தது. அது போன இடத்தையும் தேட வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து எலும்பும் தோலுமாக வந்த மனுஷன், நாக்கில் ருசி திரும்பிய பிறகு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ரசம் சோற்றை வாங்கி வாங்கிச் சாப்பிட்டுக் கன்னம் உப்பியிருந்தார். பையில் குறைந்ததெல்லாம் அவருக்குள் ஏறிவிட்டது. தூக்கிப் பழகுகிற மூட்டை இளைத்துக்கொண்டே வர, தூக்க வேண்டிய மூட்டை பெருத்துக்கொண்டே வந்திருக்கிறது. இந்த உலகத்தில் இப்படி ஒரு முட்டாள்தனத்தைப் பொம்பளையைத் தவிர, அதுவும் அடுப்படியில் கை பழகிய பொம்பளையைத் தவிர, யார் செய்ய முடியும்? அவள் போய் அவரிடமே சொன்னாள். அவர் கேட்டுவிட்டு உடம்பு குலுங்கச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது, இடது கையால் துடைத்துக்கொண்டார். பிறகு சிரிப்பு நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தார். மறுநாள் அவள் தெருமுனையில் வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு மணல் வாங்கி வந்தாள், பழைய தலையணை உறைகளில் போட்டுத் தைத்துப் பைக்குள் திணித்தாள். அரிசியைவிட மணல் கனம். அதைவிட முக்கியம், மணலை யாரும் சோறாக்க முடியாது. அவருடைய இடது கைப் பயிற்சிக்கும் இரண்டு தண்ணீர் பாட்டிலில் அதே மணலை அடைத்துக் கொடுத்தாள். அதற்கப்புறம்தான் உண்மையான சித்தோடு, உண்மையான கவுந்தப்பாடி. அங்கே போய்ச் சேர எவ்வளவு நாளாயிற்று என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, போனிலும் பீற்றிக்கொள்ளவில்லை.

"சத்தி" என்றார் அவர். அவர் குரலில் என்னவோ இருந்தது, குறும்பு மாதிரி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் மூச்சு பிசகும். அதே பை, அதே மணல், நேற்றுக்கூடச் சத்தியில் தொடை எரிந்ததே. இன்றைக்கு மட்டும் ஏன் எரியவில்லை? இரண்டே வழிதான் உண்டு. ஒன்று மணல் ஒழுகிவிட்டது, அன்றைக்கு மாதிரி இன்றைக்கும் ஏமாறப் போகிறாள், வாணி முன்னால், மருமகன் முன்னால் அவரைக் கீழே போடப் போகிறாள், அவரைக் காரில் ஏற்றுவார்கள், இவள் வாசலில் நின்று கையாட்டுவாள். இல்லையென்றால்... இரண்டாவது வழியை நினைக்கவே அவளுக்குத் துணிவு வரவில்லை, நினைத்தால் கண்பட்டுப் போகுமோ என்று இருந்தது. தரையைப் பார்த்தாள். நாற்காலிக் காலடியில் மணல் இல்லை. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் இல்லை. நேற்றுப் பையை எங்கே வைத்தாள்? இதே நாற்காலியில், அவர் தலைமாட்டுக்குப் பக்கத்தில். காலையில் பெருக்கும்போது மணல் வந்ததா? வரவில்லை. வந்தது போலவும் இருந்தது. இல்லை, அது மணல் இல்லை, அவர் சட்டையில் ஒட்டியிருந்த ரவை. ரவையா? உப்புமா செய்து எத்தனை நாளாயிற்று? மூளை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது, காலோ அதன் வேலையைப் பார்த்துக்கொண்டு எழுந்து நின்றது. "பண்ணாரி." பண்ணாரியில்தான் தினமும் நிறுத்துவாள். அதற்கப்புறம் மலை, கொண்டை ஊசி வளைவுகள், அங்கே போக அவளுக்குத் தைரியம் வந்ததில்லை. பண்ணாரியில் பஸ் நின்றால் எல்லோரும் இறங்கி அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஏறுவார்கள் என்று கல்யாணமான புதிதில் அவர் சொல்லியிருக்கிறார். அவள் மனசுக்குள் கும்பிட்டாள். உட்காரவும் வேண்டாம், நிற்கவும் வேண்டாம் என்று நடுவில் ஒரு நொடி அப்படியே இருந்தாள். இருக்க முடிந்தது. பாதி உயரத்தில், அன்றைக்கு அவர் சரிந்த அதே உயரத்தில், பையோடு நிற்க முடிந்தது. அங்கிருந்தே மேலே போனாள். "திம்பம்!" என்று அவர் கத்தினார். இந்த முறை வார்த்தை சிக்காமல் முழுசாக வந்தது.

பையைக் கட்டிலில் வைத்து ஜிப்பை இழுத்தாள். மணல் உறைகள் அப்படியே இருந்தன, ஒரு தையலும் விட்டிருக்கவில்லை. அவற்றின் மேல், ஓரமாகச் செருகி, அவருடைய மணல் பாட்டில்கள் இரண்டும் இருந்தன. போன வாரமே ஒன்றைக் காணோம் என்று தேடி, எங்கே என்று கேட்டதற்கு, தெரியாது என்று அப்பாவி மாதிரி தலையாட்டியிருந்தார். இன்றைக்கு இன்னொன்றையும் காணவில்லை என்பதை அவள் கவனிக்கவே இல்லை. துளசிமணி பாட்டில்களைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், டிக்கெட் எடுக்காத ஆளைப் பிடித்த மாதிரி இவள் நிற்க. "ஏனுங்க, இத நீங்கதான் போட்டீங்களா?" அவர் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "உங்களத்தான் கேக்கறேன்." இடது கையைத் தூக்கித் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். வார்த்தைகளைத் தேடி எடுத்துக் கோர்க்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நாந்தான்... சோறு தின்னு... ஏறீட்டனல்ல. பையும்... ஏறோணும்ல. கணக்கு... சரியா இருக்கோணும் துளசி." படுத்த படுக்கையாகக் கிடந்தபடி, ஒற்றைக் கையால், இவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, தான் கூடின கனத்தைப் பையிலும் கூட்டி வைத்திருக்கிறார். ஏமாற வேண்டாம் என்று. இந்த முறையாவது பெண்டாட்டி சரியான பாரத்தில் பழகட்டும் என்று. கூட்டி வைத்த அந்தப் பாரத்தைத்தான் அவள் லேசு என்று நினைத்துப் பயந்திருக்கிறாள். அவளுக்கு அழுகை வந்தது, வந்தால் வரட்டும் என்று விட்டாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "களவாணி. வாங்க, போலாம்." அந்த நேரத்தில் போன் அடித்தது. சங்ககிரியாகத்தான் இருக்கும். அடிக்கட்டும்.

பையைப் பழைய நாற்காலிக்கே மாற்றிவிட்டு, சக்கர நாற்காலியை அவருடைய இடது பக்கம் ஒட்டிப் போட்டாள், பிரேக்கைப் போட்டாள், போட்டதை அசைத்துப் பார்த்தாள். அவரை உட்கார வைத்து, கால் இரண்டையும் தரையில் பாவ வைத்து, இடுப்பில் துண்டைச் சுற்றி இறுக்கினாள். விழுந்த வலது முட்டிக்கு எதிரே தன் முட்டியை முட்டுக் கொடுத்தாள். அவர் இடது கை அவள் தோளில் வந்து விழுந்தது. பவுடர் வாசனை, தைல வாசனை, அதற்கடியில் காலங்காலமாக அவளுக்குத் தெரிந்த அந்த வேர்வை வாசனை. பயம் எங்கே போயிற்று என்று ஒரு கணம் தேடினாள். இருந்தது, மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது, ஆனால் தொடைக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை இல்லை. "முன்னால சாயுங்க. இன்னுங் கொஞ்சம். மூக்கு கால் வெரலுக்கு நேரா வரோணும்." அவர் சாய்ந்தார். நல்ல கனம். பையைப் போல அணைத்தால் அணைந்துகிடக்கிற கனம் இல்லை, மூச்சு விடுகிற கனம், ஒரு பக்கம் உதவுகிற, ஒரு பக்கம் தொங்குகிற கனம். குதிகாலை ஊன்றினாள். முதுகு நேராக, தொடை, தொடை மட்டும். சித்தோடு. கட்டிலை விட்டு அவர் கிளம்பினார். கவுந்தப்பாடி, கோபி. பாதி உயரம், அந்த நாசமாய்ப்போன பாதி உயரம் வந்தது, அவர் கை அவள் தோளை இறுக்கிப் பிடித்தது, அவருக்கும் அந்த இடம் ஞாபகம் இருந்தது. அவள் அவசரப்படவில்லை. இந்த இடத்தில் அவளால் நிற்க முடியும், இப்போதுதான் நின்றுவிட்டு வந்திருக்கிறாள். நின்று, ஒரு மூச்சு விட்டு, மேலே போனாள். அவர் எழுந்து நின்றுவிட்டார். பக்கவாதம் வந்த பிறகு முதல்முறையாக அவர் முகம் அவள் முகத்துக்கு மேலே இருந்தது. தன்னைவிட இவ்வளவு உயரமானவர் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. காதருகே மூச்சு சுட்டது. "ரைட்" என்றார். அவள் சிறு சிறு அடியாக வைத்துத் திரும்பினாள், அவரும் இடது காலை நகர்த்தினார், பிறகு மெதுவாக, இன்னும் இன்னும் என்று, முட்டை இறக்குகிற மாதிரி அவரை நாற்காலியில் இறக்கினாள். பொத்தென்ற சத்தம் வரவில்லை. துளசிமணி நிமிர்ந்து, வேறு எதுவும் தோன்றாமல், வாய்விட்டு ஒரு சத்தம் போட்டாள். சந்தோஷச் சத்தம்தான், ஆனால் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டிலிருந்து குப்புராஜ், "என்னக்கா ஆச்சு?" என்று கேட்டான். "ஒண்ணுமில்ல தம்பி, உன்ற வேலையப் பாரு" என்று உள்ளே இருந்தே சொன்னாள்.

கார் வந்து நின்றபோது சென்னியப்பன் சட்டை மாற்றி, தலைசீவி, கேட்டுக்குள் வெயில் விழுகிற இடத்தில் நாற்காலியில் இருந்தார். படுக்கையில் விழுவதற்கு முன்பு, வாணி ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் அந்த இடத்தில்தான் நிற்பார். வாணி காரைவிட்டு இறங்கி, அப்பாவைப் பார்த்து, அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், கண்ணைத் துடைத்தாள், பிறகு மெல்ல அம்மாவைப் பார்த்தாள். "குப்புராஜ் அண்ணன் வந்து உட்காத்துனாங்களா?" "இல்ல." "பின்ன யாரும்மா?" துளசிமணி உள்ளே போனாள். சொன்னால் நம்ப மாட்டாள், நம்பினாலும் பாதிதான் நம்புவாள். மருமகன் வெளியே மாமனாருடன் நிற்க, வாணி மட்டும் பின்னாலேயே வந்தாள், நாலு மணி நேரம் காரில் வந்த அலுப்பு, உட்காரலாம் என்று நாற்காலியைப் பார்த்தாள், அதில் தன் பழைய ஸ்கூல் பை இருக்கவும் ஒரு கையால் பிடித்து ஒதுக்கப் பார்த்தாள். பை அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள், நாற்காலி பையோடு சேர்ந்து கிரீச்சென்று நகர்ந்தது. "என்னம்மா வெச்சிருக்கற இதுக்குள்ள?" "உங்கப்பாவத்தான்" என்று சொல்லிவிட்டு, துளசிமணி குனிந்து, முதுகு வளையாமல், பையை மார்போடு அணைத்து எடுத்துக் கட்டிலில் வைத்தாள். "உட்காரு கண்ணு. காபி போடறேன்." வாணி உட்காரவில்லை. அம்மாவின் கையை, தோளை, இப்போதுதான் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். அடுப்பை மூட்டிக்கொண்டே துளசிமணி காதைத் தீட்டிக்கொண்டாள். "இல்லீங்க மேடம்... இன்னிக்கி வரலீங்க... இல்ல, எப்பவும் வேண்டாங்க, அந்த ரூம வேற யாருக்காச்சும் குடுத்துருங்க. எங்கம்மா பாத்துக்குவாங்க." வாசலிலிருந்து அவர் குரல் கேட்டது, மருமகனுக்கு ஒவ்வொரு வார்த்தையாக எதையோ விளக்கிக்கொண்டிருந்தார், பண்ணாரி தாண்டி முதல் வளைவில் வண்டியை எந்தக் கியரில் போட வேண்டும் என்று. துளசிமணி காபியை ஆற்றி வைத்துவிட்டு, மத்தியானச் சோற்றுக்கு டின்னைத் திறந்து அரிசி அளந்தாள். அளந்ததற்கு மேல் ஒரு பிடி போட்டாள். கொஞ்சம் யோசித்து, ஏறினால் ஏறட்டும் என்று, இன்னொரு பிடியும் போட்டாள்.